மாணிக்கத்தில் பிறந்த ஒளி

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மாணிக்கக் கல். நவமணிகளுள் ஒன்றாகிய அதன் விலையையோ, எந்த ராசிக்காரர் அதை மோதிரத்தில் பதிக்கலாம் என்பதையோ நான் சொல்லப் போவதில்லை. அவற்றைச் சொல்லப் பட்டணத்தில் வேறு ஆட்கள் இருக்கின்றனர். அந்தக் கல்லிலிருந்து 1960 ஆம் ஆண்டில் மனிதன் வரவழைத்த ஓர் ஒளியைப் பற்றியும், அது நம் வீட்டு வாசல் வரைக்கும் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைப் பற்றியும் சொல்லவே வந்திருக்கிறேன். அவ்வொளிக்கு லேசர் என்று பெயர்.

லேசர் என்ற சொல் உங்களுக்குப் புதிதன்று. இனிப்பு நீர் உள்ளவர்கள் கண் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்று தோட்டந்தோட்டமாகச் சொல்லி வருகிறோம். அப்போதெல்லாம் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். "ஐயா, பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு லேசர் வைப்பார்களாம். வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடுமாமே?" கேட்பவர் கேலிக்காகக் கேட்பதில்லை, உண்மையிலேயே அஞ்சிக் கேட்கிறார். அஞ்சியதனால் போகாமலும் இருந்துவிடுகிறார். "அஞ்சாதீர்கள், போங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆயினும், ஒரு பொருள் எங்கே பிறந்தது, எப்படி வேலை செய்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டால்தான் அச்சம் வேரோடு போகும். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் ஆதலால் எனக்குச் சற்றுச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கல்லைப் பார்ப்போம். மாணிக்கம் என்பது குருந்தம் என்னும் கனிமத்தின் ஒரு வகை. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து உறைந்ததே குருந்தம். ஆங்கிலத்தில் இதனைக் கொரண்டம் என்பார்கள். அச்சொல் நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே அம்மொழிக்குச் சென்றது. கலப்பில்லாத குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அதில் இரும்பும் டைட்டானியமும் துளியளவு கலந்தால் நீலக்கல். குரோமியம் கலந்தால் சிவந்த மாணிக்கம். நீங்கள் பால் வெட்டும் கத்தியைத் தீட்டும் சாணைக்கற்கள் பலவற்றில் இருப்பதும் இதே குருந்தத்தின் துகள்தான். மகுடத்தில் இருந்தால் மணி, பட்டறையில் இருந்தால் சாணை, அவ்வளவே வேறுபாடு.

சுரங்கத்தில் தோண்டாமல் தொழிற்சாலையிலேயே மாணிக்கத்தை வளர்க்கும் முறையை 1902 ஆம் ஆண்டில் வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் உலகுக்கு அறிவித்தார். தூளை நெருப்புச் சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக உறையவைக்கும் முறை அது. பழைய கைக்கடிகாரங்களின் முகப்பில் "17 ஜுவல்ஸ்" என்று எழுதியிருப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே சக்கரங்களின் முனைகள் தேயாமல் சுழல வைக்கப்பட்ட சிறு மாணிக்கங்களையே அந்த எண் குறிக்கிறது. அவை யாவும் இவ்வாறு ஆலையில் விளைந்தவை. லேசருக்கு வேண்டிய கல்லும் இத்தகைய செயற்கைக் கல்லே. அதில் குரோமியம் மிகவும் குறைவாக, நூற்றில் ஒரு பங்கிலும் பாதி, அதிலும் பத்தில் ஒன்று என்ற அளவிலேயே இருக்கும். ஆதலால் நிறமும் இரத்தச் சிவப்பாக இராது, வெளிர் ரோஜா நிறமாகவே இருக்கும்.

இனி ஒளிக்கு வருவோம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைகிறீர்கள். எதிரிலுள்ள மரத்தின் பட்டையில் விழும் வெளிச்சம், பத்தாவது மரத்தில் விழும்போது விரிந்து மங்கிப் போகிறது. விளக்கிலிருந்து புறப்படும் ஒளி பல நிறங்கள் கலந்தது. பல திசைகளில் சிதறுவது. திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேர் அவரவர் விருப்பப்படி கைதட்டுவதற்கு அதை ஒப்பிடலாம். அதே ஆயிரம் பேர் கும்மியடிக்கும் பெண்களைப் போல ஒரே தாளத்தில், ஒரே கணத்தில் தட்டினால் எப்படியிருக்கும்? லேசர் ஒளி அத்தகையது. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே தாளம். ஆகையால் அது வெகுதூரம் விரியாமல் செல்லும். ஒரு கண்ணாடி வில்லையால் குவித்தால் ஊசிமுனையிலும் சிறிய புள்ளியில் முழு ஆற்றலையும் இறக்கும்.

இவ்வாறு ஒளியைத் தாளம் சேர்க்க முடியும் என்ற கருத்தின் விதையை 1917 ஆம் ஆண்டிலேயே அறிஞர் ஐன்ஸ்டைன் ஊன்றிவிட்டார். ஓர் அணு ஆற்றலை ஏற்று விழித்த நிலையில் இருக்கும்போது, அதற்கு ஏற்ற ஒளி அதனருகே சென்றால், அணு தன்னிடமுள்ள ஆற்றலைத் தானும் ஒளியாக உமிழ்ந்துவிடும். உமிழும் ஒளி, தூண்டிய ஒளிக்கு எல்லா வகையிலும் உடன்பிறப்பாக இருக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 1958 ஆம் ஆண்டில் டவுன்ஸ், ஷாலோ என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இதனைச் செய்து காட்டும் வழியைக் கணக்கிட்டு எழுதினர். அதன் பிறகு பெரிய ஆய்வுக்கூடங்களுக்கிடையே ஓட்டப்பந்தயமே தொடங்கிவிட்டது.

பந்தயத்தில் வென்றவர் தியோடர் மைமன். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் மாலிபு கடற்கரையை அடுத்த ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். மாணிக்கம் இவ்வேலைக்கு உதவாது என்பது அப்போது பலருடைய எண்ணம். அதன் திறன் மிகக் குறைவு என்று அளந்து சொல்லியிருந்தார்கள். மைமன் பிறர் அளவை நம்பி விட்டுவிடாமல் தாமே மீண்டும் அளந்தார். முந்தைய அளவு தவறு என்று கண்டார். விரல் நுனியளவுள்ள மாணிக்கத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளிலும் வெள்ளி பூசினார். ஒரு முனையில் மட்டும் ஒளி வெளியேறச் சிறு வழி விட்டார். அக்கல்லைச் சுற்றிச் சுருள் வடிவான மின்வெட்டு விளக்கைப் பொருத்தினார். படப்பிடிப்புக்காக விற்பனையில் இருந்த விளக்கு வகைதான் அது. 1960 மே 16 ஆம் நாள் விளக்கைப் பளிச்சிட வைத்தபோது, கல்லின் முனையிலிருந்து செவ்வொளிக் கற்றை பாய்ந்தது. உலகின் முதல் லேசர் அதுவே.

கல்லுக்குள் என்ன நடந்தது? விளக்கின் வெள்ளொளியில் உள்ள பச்சையையும் ஊதாவையும் குரோமிய அணுக்கள் உண்டு விழித்துக்கொண்டன. அந்நிலையில் ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் அவை தாக்குப்பிடிக்கும். அதற்குள் ஏதேனும் ஓர் அணு சிவப்பொளியை உமிழ, அது மற்றவற்றைத் தூண்ட, வெள்ளி பூசிய முனைகளுக்கிடையே ஒளி முன்னும் பின்னுமாக ஓடி ஓடிப் பெருத்து, வழி கிடைத்த முனையால் வெளியேறியது. ரப்பர் மரத்துக்குப் பட்டையில் தூண்டல் மருந்து பூசுகிறோம். மருந்து பாலாக மாறுவதில்லை. மரத்தில் இருப்பதைக் கூடுதலாக வரவழைக்கிறது. ஏறத்தாழ அப்படித்தான் இங்கும், தூண்டும் ஒளி அணுவில் ஏற்கெனவே தேங்கியிருந்த ஆற்றலை வரவழைக்கிறது.

மைமன் எழுதிய கட்டுரையை அமெரிக்காவின் பெயர்பெற்ற இயற்பியல் இதழ் ஒன்று வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழ் அவ்வாண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் அதை வெளியிட்டது. செய்தித்தாள்களோ "மரணக் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது" என்று முழங்கின. உண்மையில் அவ்வொளியை வைத்து என்ன செய்வது என்று கண்டுபிடித்தவர்களுக்கே அப்போது தெளிவில்லை. "கேள்வியைத் தேடி அலையும் விடை" என்று மைமனின் உதவியாளரே வேடிக்கையாகச் சொன்னார். அந்த விடைக்குரிய கேள்விகள் எங்கெங்கிருந்து வந்தன என்பதுதான் சுவையான கதை.

தொழில் துறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஆய்வாளர்கள் சவரத் தகடுகளை அடுக்கி வைத்து, ஒரே துடிப்பில் எத்தனை தகடு துளைபடுகிறது என்று எண்ணியே லேசரின் வலிமையைப் பேசிக்கொண்டார்கள். விளையாட்டு விரைவில் வேலையாயிற்று. மெல்லிய செப்புக் கம்பி எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? பருத்த கம்பியை வைரத்தில் இட்ட சிறு துளை வழியே இழுத்து மெலியச் செய்கிறார்கள். நம் வீட்டு இடியாப்ப உரலின் துளை தேய்ந்தால் இழை பருத்துப்போவது போல, அந்த வைரத் துளையும் நாளடைவில் தேயும்; மீண்டும் குடைய வேண்டும். வைரத்தைக் குடைய வைரத்தூளும் பல மணி நேரப் பொறுமையும் தேவை. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் மாணிக்க லேசரைக் கொண்டு இவ்வேலையைச் சில நிமிடங்களில் செய்யத் தொடங்கியது. உலகில் மிகக் கடினமான கல்லை, தொடாமலே துளைத்தது ஒளி. லேசர் உற்பத்தி வேலையில் ஈடுபட்டது அதுவே முதன்முறை.

இன்று ஆலைகளில் இரும்புத் தகடு வெட்டுவதும் பற்றவைப்பதும் வேறு வகை லேசர்களின் வேலை. மாணிக்க லேசர் துடிப்புத் துடிப்பாகவே ஒளி தரும், விரைவில் சூடேறும், இடைவிடாத வேலைக்கு அது ஏற்றதன்று. எனினும் அதன் வழிவந்த ஒரு முறை நம் தொழிலோடு நேரே தொடர்புடையது. விமானச் சக்கரங்களின் டயர்களுக்கு இயற்கை ரப்பரே இன்றும் முதன்மையான பொருள். தரை தொடும் கணத்தில் உண்டாகும் சூட்டையும் பாரத்தையும் தாங்க அதற்கு இணையாகச் செயற்கை ரப்பர் இன்னும் வரவில்லை. அத்தகைய டயருக்கு மீண்டும் மீண்டும் புதுத் தோல் போர்த்திப் பயன்படுத்துவார்கள். உள்ளே ஓர் அடுக்கு ஒட்டாமல் பிரிந்திருந்தால் வெளியே எதுவும் தெரியாது. ஆகவே டயரைக் காற்று குறைந்த கூண்டில் வைத்து, லேசர் ஒளியில் முன்னும் பின்னும் படம் பிடிக்கிறார்கள். ஒட்டாத இடம் தலைமயிரின் பருமனைவிடக் குறைவாகப் புடைத்தாலும் படத்தில் வளையம் வளையமாகக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் மங்கில் சொட்டிய பால் வானத்தில் பறக்குமுன் இப்படியொரு சோதனைக்கு உட்படுகிறது.

அறிவியலுக்கு இந்த ஒளி செய்த பணி மிகப் பெரிது. 1961 ஆம் ஆண்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கன் என்பவரும் தோழர்களும் மாணிக்க லேசரின் செவ்வொளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, மறுபுறம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி சிறிதளவு வருவதைக் கண்டார்கள். அதற்குச் சான்று படச்சுருளில் இருந்த ஒரு சிறு புள்ளி. அச்சிட்ட இதழில் அந்தப் புள்ளியையே காணோம். அழுக்கு என்று நினைத்து யாரோ நீக்கிவிட்டார்களாம். அடுத்த ஆண்டு ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் உட்பரி, இங் என்ற இருவர், மாணிக்க லேசரோடு நைட்ரோபென்சீன் திரவத்தைப் பயன்படுத்தியபோது எதிர்பாராத வேறொரு ஒளி வெளிவருவதைக் கண்டனர். ஆராய்ந்தபோது அது ராமன் விளைவின் புதிய வடிவம் என்று தெரிந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1928 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கண்ட உண்மைக்காக 1930 இல் நோபல் பரிசு பெற்ற சி. வி. ராமன் அப்போது உயிரோடிருந்தார்.

சந்திரனுக்குப் போவோம். பூமியிலிருந்து சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1962 மே மாதத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஸ்முல்லின், ஃபியோக்கோ என்ற இருவர் மாணிக்க லேசர் ஒளியைச் சந்திரன் மீது செலுத்தி, அது பட்டுத் திரும்பியதைத் தொலைநோக்கியால் பிடித்தனர். திரும்பி வந்தது மிகச் சொற்பமே. பிறகு 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் இறங்கியபோது, 100 கண்ணாடிப் பட்டகங்கள் பதித்த ஒரு தட்டை அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். எந்தத் திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும் தட்டு அது. ஆகஸ்டு 1 ஆம் நாள் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகம் மாணிக்க லேசரைச் செலுத்தி அத்தட்டின் மறுமொழியைப் பெற்றது. போய்வர ஏறக்குறைய இரண்டரை நொடி. அந்த நேரத்தை நுட்பமாக அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். டெக்சாஸ் மாநிலத்தின் மெக்டொனால்டு வானாய்வகம் 1980களின் நடுப்பகுதி வரை மாணிக்க லேசரைக் கொண்டே இவ்வளவீட்டைச் செய்து வந்தது. சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிச் செல்கிறது என்பது இத்தகைய அளவீடுகளால் உறுதியாயிற்று. நம் கைந்நகம் வளரும் வேகம் அதற்குக் கிட்டத்தட்டச் சமம். அத்தட்டு இன்றும் அங்கேயே இருந்து வேலை செய்கிறது.

நமக்கு அருகிலேயே ஒரு செய்தி உண்டு. 1963 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஆகோங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் புகையும் நுண்துகளும் வானில் பல கிலோமீட்டர் உயரம் சென்று உலகெங்கும் பரவின. மேற்சொன்ன ஃபியோக்கோவும் கிராம்ஸ் என்ற மற்றொருவரும் மாணிக்க லேசரை இரவு வானத்தில் செலுத்தி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரத்தில் அந்த நுண்துகள் படலம் இருப்பதை அளந்து 1964 இல் வெளியிட்டனர். வானத்தை ஏணியில்லாமல் அளக்கும் அக்கலை இன்று புகைமூட்டத்தை ஆராயவும் உதவுகிறது.

மற்றொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. சூரியனுக்குள் நடப்பது போன்ற அணுச் சேர்க்கையைப் பூமியில் நிகழ்த்த முயன்ற சோவியத் அறிஞர்கள், தங்கள் கருவிக்குள் ஒரு கோடி பாகை வெப்பநிலையை எட்டிவிட்டதாக அறிவித்தபோது மேலைநாட்டார் நம்பவில்லை. அவ்வளவு வெப்பத்துக்குள் எந்த வெப்பமானியை நுழைப்பது? 1969 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கல்ஹாம் ஆய்வுக்கூடத்தினர் தங்கள் மாணிக்க லேசரையும் துணைக்கருவிகளையும் பெட்டி பெட்டியாக மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்று, அந்த நெருப்புக்குள் ஒளியைப் பாய்ச்சி, சிதறிய ஒளியின் நிறம் எவ்வளவு விரிகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிட்டனர். சோவியத் அறிஞர்கள் சொன்னது சரியே. இரு வல்லரசு அணிகள் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கல் சாட்சி சொல்லிற்று.

இனிக் கண்ணுக்கு வருகிறேன். பெரியவர்கள் கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்பார்கள். அந்த எச்சரிக்கையில் ஒரு மருத்துவமே ஒளிந்திருந்தது. 1940களில் ஜெர்மனியில் மேயர்-ஷ்விக்கராத் என்ற கண் மருத்துவர், கிரகணத்தைப் பார்த்து விழித்திரையில் சுட்ட காயம் பட்டவரைச் சோதித்தார். தற்செயலாகச் சுடும் ஒளியை, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சுட வைத்தால் என்ன என்று எண்ணினார். முதலில் சூரிய ஒளியையும், பிறகு வலிமையான செனான் விளக்கையும் பயன்படுத்தி விழித்திரையின் கிழிசல்களை ஒட்டவைத்தார். ஆனால் அவ்விளக்கின் ஒளி விழித்திரையைச் சுட நேரமெடுக்கும். அதற்குள் கண் அசைந்துவிடும். ஆகையால் கண்ணை மரத்துப்போகச் செய்ய வேண்டியிருந்தது.

மாணிக்க லேசரின் துடிப்போ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண் இமைக்குமுன் என்கிறோமே, அதைவிட மிக விரைவு. 1961 டிசம்பரில், அதாவது லேசர் பிறந்து இரண்டாண்டு நிறைவதற்குள், நியூயார்க்கின் கொலம்பியா-பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் கேம்பெல் என்ற மருத்துவரும் கோஸ்டர் என்ற ஒளியியல் அறிஞரும் மாணிக்க லேசரைக் கொண்டு ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை அழித்தனர். மனிதருக்கு லேசர் செய்த முதல் மருத்துவம் அதுவே. "மரணக் கதிர்" என்று பெயரெடுத்த பொருள் முதன்முதலாக மனித உடலைத் தொட்டது பார்வையைக் காப்பதற்காக. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிப்பு நீருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் கெட்டுக் கசியும், சில அடைபடும். உணவும் உயிர்க்காற்றும் போதாத விழித்திரை, புதுக் குழாய்களை வளரச் சொல்லி அழைப்பு விடுக்கும். அவ்வாறு வளரும் குழாய்கள் வலுவற்றவை. ஒருநாள் வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் பரவும். அல்லது வடுவாகிச் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். இதில் கொடுமை என்னவெனில், இவ்வளவும் நடக்கும் வரை வலி இராது. பார்வையும் தெளிவாகவே இருக்கும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஜோஸ்லின் மருத்துவ நிலையத்தில் பீத்தம் என்ற கண் மருத்துவர் ஒரு புதுமையைக் கவனித்தார். வேறு காரணத்தால் விழித்திரையில் பழைய வடுக்கள் நிறைந்த கண்ணை இனிப்பு நீர் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அப்படியானால் வடுவை நாமே உண்டாக்கினால்? 1960களின் பிற்பகுதியில் அவரும் அய்யல்லோ என்ற மருத்துவரும் மாணிக்க லேசரால் நோயாளிகளின் ஒரு கண்ணில் மட்டும் சிறு சிறு சூட்டுப் புள்ளிகளை இட்டு, மறு கண்ணை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்துப் பார்த்தனர். சூடிட்ட கண்ணில் புதுக் குழாய்கள் வாடின. மரங்கள் நெருக்கமாக வளர்ந்து உரம் போதாத காட்டில் ஓரத்து மரங்களைக் களைந்து நடுமரங்களைக் காப்பதைப் போன்றது இது. விழித்திரையின் ஓரப் பகுதியில் சிறிது இழந்து, நடுவிலுள்ள தெளிந்த பார்வையைக் காக்கிறோம்.

பின்னர் அமெரிக்க அரசு பல மருத்துவமனைகளைச் சேர்த்து 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதனைச் சோதித்தது. அதற்குள் மாணிக்கத்துக்குப் பதிலாக ஆர்கான் லேசர் வந்துவிட்டது. மாணிக்கத்தின் செவ்வொளியை இரத்தம் அவ்வளவாக ஏற்பதில்லை. ஆர்கானின் நீலப்பச்சை ஒளியை நன்கு ஏற்கும். 1976 இல் வெளியான முடிவு தெளிவானது: முற்றிய நிலையிலுள்ள கண்களில் கொடிய பார்வையிழப்பை இச்சிகிச்சை பாதிக்கும் மேல் குறைத்தது. இன்று கண்ணுக்குள் இடும் ஊசி மருந்துகளும் உள்ளன. எனினும் லேசர் தன் இடத்தை இழக்கவில்லை.

ஆகவே பின்வரிசைக் குரலுக்கு என் பதில் இது. லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது. இருப்பதைக் காக்கும். கண்ணுக்குள் இரத்தம் பரவிய பிறகு, விழித்திரை பிரிந்த பிறகு மருத்துவமனைக்கு ஓடுபவருக்கு லேசர் வைத்தும் பார்வை மங்கிக்கொண்டே போகலாம். அவரைப் பார்த்தவர்கள், "லேசர் வைத்தார்கள், கண் போயிற்று" என்கிறார்கள். கண்ணை எடுத்தது லேசரன்று, காலம் கடத்தியது. 2019 ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே விகிதம் மற்ற இனத்தாரைவிட மிகுதி. நூற்றுக்கு 31 பேர். நோயுள்ளோரில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. இம்மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தோல் மருத்துவத்தைப் பற்றி ஒரு சொல். பச்சை குத்திய அடையாளத்தை நீக்க மாணிக்க லேசரை 1960களிலேயே அமெரிக்காவில் கோல்ட்மன் என்ற மருத்துவர் சோதித்தார். 1980களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் மிகக் குறுகிய துடிப்புகளால் அம்முறையைச் செம்மைப்படுத்தினர். மை நொறுங்கும், நொறுங்கியதை உடலே அப்புறப்படுத்தும். பாட்டிமார் கையிலுள்ள பச்சையை அழிக்க யாரும் அவசரப்படப் போவதில்லை. இளைஞர்களுக்குத்தான் சொல்கிறேன். மாணிக்க லேசரின் ஒளியைத் தோலின் கருநிறமி வெகுவாக ஏற்கும். ஆதலால் நம்மைப் போன்ற கரிய தோலில் கொப்புளமும் வெண்தழும்பும் உண்டாகலாம். நமக்கு ஏற்ற வேறு லேசர்கள் உள்ளன. எது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் தகுதி பெற்ற மருத்துவர், பட்டணத்து அழகு நிலையத்தார் அல்லர்.

கண் சோதனைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். இனிப்பு நீர் என்று தெரிந்த உடனே ஒரு முறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல், விழித்திரையைக் காட்ட வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் விழித்திரையைப் படமெடுக்கும் கருவி உண்டு. லேசர் தேவை என்றால் கண் மருத்துவப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே பாப்பா விரிய மருந்து விடுவார்கள். கண் மரத்துப்போக இன்னொரு துளி. தாடையைத் தாங்கியில் வைத்து அமர வேண்டும். ஒளி பளிச்சுப் பளிச்சென்று விழும். சிலருக்கு ஊசி குத்துவது போலச் சிறு வலி தெரியும். தெரிந்தால் சொல்லுங்கள், நிறுத்தி நிறுத்திச் செய்வார்கள். ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று தடவை அழைக்கலாம். முதல் தடவையோடு நின்றுவிடாதீர்கள். இரவுப் பார்வை சற்றுக் குறைவதும் உண்டு. விடியுமுன் நிரைக்குச் செல்பவர்கள் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மருந்தினால் சில மணி நேரம் பார்வை கூசும், மங்கும். ஆதலால் மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிச் செல்ல வேண்டாம். மகனையோ அண்டை வீட்டாரையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். பின்வரிசையிலிருந்தே தொடங்குவோம்.